டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வீட்டில் ஒரு பிபி கருவி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மேற்கையில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினால், தானே காற்றடித்துத் தானே அளந்து சொல்லும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றை 14 மாதங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவன் நான். இத்தகைய கருவிகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் 'சரியாகக் காட்டுகிறது', 'டாக்டரின் கருவியோடு ஒத்துப்போகிறது' என்ற இரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த இரண்டு வரிகளால் பயனில்லை. எந்த நேரத்து அளவோடு ஒத்துப்போகிறது, அந்த அளவுக்கே என்ன மதிப்பு என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. தயாரிப்பாளரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால், பெயர் தெரியாமல் போவதால் படிப்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை.

இதை வாங்க நேர்ந்ததே ஒரு குழப்பத்தால்தான். டயாலிசிஸ் தொடங்கிய முதல் சில மாதங்களில் என் குறிப்பேட்டில் இரண்டு வரிசை எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. ஊசி குத்துவதற்கு முன் 176/94, முடித்துக் கட்டுப் போட்ட பின் 122/70; அடுத்த முறை 182/90, பின்னர் 116/68. முன்னதைப் பார்த்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும், பின்னதைப் பார்த்தால் குறைக்க வேண்டும். ஊசிக்கு முந்தைய அளவு எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். படியேறி வந்து, எடை பார்த்து, கட்டிலில் உட்கார்ந்த அரை நிமிடத்தில், சட்டைக் கையைச் சுருட்டிக்கூட விடாமல் பட்டையைச் சுற்றிவிடுவார்கள். அந்தப் பிரிவில் ஒரே நேரத்தில் பலரை ஏற்றியாக வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது; ஆனாலும் அந்த எண்ணை வைத்துத்தான் என் மாத்திரைகள் தீர்மானிக்கப்பட்டன என்பதும் உண்மை. ஒருநாள் என் சிறுநீரக மருத்துவரிடம் இரண்டு வரிசைகளையும் காட்டி, எது என்னுடைய பிபி என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டுமே இல்ல சார். டயாலிசிஸ் இல்லாத நாள்ல வீட்டுல பாத்து எழுதிட்டு வாங்க, அதுதான் உங்க பிபி" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் பல ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. சிறுநீர் பிரியாத உடலில் உட்கொள்ளும் உப்பும் நீரும் அடுத்த அமர்வு வரை வெளியேற வழியில்லை. அவை சேரச் சேர அழுத்தம் மெல்ல ஏறுகிறது. பிறகு நான்கே மணி நேரத்தில் இரண்டு, மூன்று லிட்டர் இழுக்கப்படும்போது சரிகிறது. ஊசிக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் இந்த ஊஞ்சலின் இரு முனைகள். ஒருவர் தன் வாரத்தில் பெரும்பகுதியை அந்த முனைகளுக்கு இடையில்தான் கழிக்கிறார். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ராஜீவ் அகர்வால் என்ற சிறுநீரக மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், டயாலிசிஸ் நோயாளிகளின் கையில் இரண்டு அமர்வுகளுக்கு இடைப்பட்ட 44 மணி நேரமும் அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு, அந்த அளவோடு மற்ற அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டயாலிசிஸ் மையத்தில் எடுத்த அளவுகளைவிட வீட்டில் எடுத்த அளவுகளே அதற்கு நெருக்கமாக இருந்தன. ஐரோப்பாவின் சிறுநீரகவியல், இரத்த அழுத்தவியல் அமைப்புகளைச் சேர்ந்த குழுக்கள் 2017-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும் இதையே வழிமொழிந்தது. இரண்டு வார காலத்துக்குள் டயாலிசிஸ் இல்லாத ஆறு நாட்களில் காலையிலும் மாலையிலும் அளக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின், ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். அவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்ளலாம் என்கிறது அந்த அறிக்கை.

இந்த ஒரு பத்தியை வைத்தே ஒரு கருவியை எடைபோட்டுவிடலாம். ஆறு நாள், இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு என்றால் 24 அளவுகள். டயாலிசிஸ் நாட்களிலும் தவறாமல் பார்ப்பவர் என்றால் இரண்டு வாரத்துக்கு 56. என் கருவியின் நினைவகம் இரண்டு பேருக்குத் தலா 60 அளவுகளைத் தேதியோடும் நேரத்தோடும் வைத்துக்கொள்கிறது; ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பவருக்கு அது சரியாகப் போதுமானது. கடையில் இதைவிட எளிய வகை ஒன்றும் இருந்தது. அதில் கடைசி அளவு ஒன்றுதான் நிற்கும். அதை வாங்கியிருந்தால் நான் எழுத மறந்த நாட்கள் எல்லாம் போனவை போனவையே. எழுத மறப்பதைவிட, எழுதும்போது கொஞ்சம் 'திருத்தி' எழுதுவது இன்னும் பெரிய தொல்லை என்பதை என் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறேன். 163 வந்தால் இன்னொரு முறை அழுத்தி, 151 வந்ததும் அதை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. நினைவகம் அந்த 163-ஐயும் மறக்காமல் வைத்திருந்தது. மருத்துவர் பொத்தானை அழுத்திப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனபோது இருவருமே எதுவும் பேசவில்லை.

இனிக் கைப்பட்டைக்கு வருகிறேன். இந்தக் கருவியின் உயிர் திரையில் இல்லை, பட்டையில்தான் இருக்கிறது. எனக்கு இடக்கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியோடு சிரையை இணைத்து அமைத்த இரத்தக்குழாய். அந்தக் கையில் பட்டை கட்டக் கூடாது, ஊசி போடக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது என்பதை டயாலிசிஸ் செய்துகொள்ளும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கருவியோடு வந்த கையேட்டில் படங்கள் எல்லாம் இடக்கைக்கே வரையப்பட்டிருக்கின்றன. குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும், இரத்தக்குழாய்க் குறி எங்கே அமர வேண்டும் என்பதெல்லாம் இடக்கையை வைத்துத்தான். வலக்கையில் கட்டுபவர் அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள கையில் அளக்கக் கூடாது என்ற எச்சரிக்கை கையேட்டின் பிற்பகுதியில், பொடி எழுத்தில், மற்ற பல எச்சரிக்கைகளுக்கு நடுவே ஒரு வரியாக இருக்கிறது. புதிதாக டயாலிசிஸ் தொடங்கியவரின் வீட்டில் வேறொருவர் பட்டையைக் கட்டும்போது அந்த வரி கண்ணில் படாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

வலக்கையில் பட்டையைச் சுற்றும் வேலையைச் செய்ய வேண்டியது இடக்கை. பட்டையின் முனை ஓர் உலோக வளையத்தின் வழியாக வந்து மடங்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் வளையம் நழுவியது, பட்டை சரிந்தது, இறுக்கிப் பிடித்து ஒட்டவைப்பதற்குள் மூச்சு வாங்கியது. அந்த மூச்சு வாங்கலோடு அளந்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது நான் செய்வது இதுதான்: பட்டையை முன்கூட்டியே வளையமாக்கி மேசைமேல் வைத்து, சட்டைக்குள் கையை நுழைப்பதுபோல் வலக்கையை அதற்குள் நுழைத்து, முழங்கை மடிப்புக்கு மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டு, இடக்கையால் ஒரே இழுப்பில் ஒட்டிவிடுகிறேன். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்கிறேன். பட்டை சரியாகச் சுற்றப்பட்டிருந்தால் திரையின் ஓரத்தில் ஒரு சிறு குறி வருகிறது. மிகைப்படுத்தாத, உண்மையாகவே உதவும் வசதி அது. உருளை வடிவில் முன்பே விறைப்பாக வடிவமைத்த பட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. ஒற்றைக் கையால் கட்டவேண்டியவர்கள் அவற்றையே கேட்டு வாங்கலாம்.

பட்டையின் அளவில்தான் நான் நிஜமாகவே ஏமாந்தேன். பெட்டியில் வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு உரியது. என் கை 34 செ.மீ. வாங்கும்போது யாரும் கேட்கவில்லை, நானும் அளக்கவில்லை; எட்டிப் பிடித்து ஒட்டிக்கொண்டதால் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆறு வாரம் ஓட்டினேன். 2023-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. 195 பேரின் கைகளில் பொருத்தமான பட்டையையும் பொருந்தாத பட்டையையும் மாற்றி மாற்றிக் கட்டி அளந்தார்கள். பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 4.8 கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடுதல். கை மெலிந்து சிறிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு நேர்மாறாக 3.6 குறைவு. இந்தக் கடைசி எண்ணை டயாலிசிஸ் செய்பவர்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் எங்களில் பலர் சதை கரைந்து மெலிந்தவர்கள்; அவர்களுக்குத் தளர்ந்த பட்டை உண்மையைவிட நல்ல செய்தியைச் சொல்லிவிடும். தோள் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் ஒரு தையல் நாடாவைச் சுற்றினால் முடிகிற வேலை இது. 22 முதல் 42 செ.மீ. வரை பொருந்தும் பட்டை ஒன்றைத் தனியாக வாங்கினேன். அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று என்பதும், அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாமே என்ற கேள்விக்கு வாடிக்கையாளர் சேவையில் எவரும் பதில் சொல்லவில்லை என்பதும் என் மதிப்பெண்ணில் குறைந்துள்ளன.

கையை எங்கே வைப்பது என்பதற்கும் அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. 133 பேரிடம் நடத்தியதில், மேசையில் இதய உயரத்துக்குக் கையைத் தாங்கி வைத்து அளந்ததைவிட, மடியில் வைத்தபோது மேல் எண் 3.9-உம், பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5-உம் அதிகமாக வந்தன. மையத்தில் என் கை எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது என்பது இதைப் படித்த பிறகே நினைவுக்கு வந்தது.

கருவி துல்லியமானதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்த வகைக் கருவி, மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதுபோல் ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது அதனுள் ஏற்படும் துடிப்பு அலைகளை உணர்ந்து, தயாரிப்பாளர் வெளியிடாத ஒரு கணக்கின் வழியாக மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் வருவிக்கிறது. 2018-இல் ஏற்கப்பட்ட சர்வதேசப் பொதுத் தரநிலையின்படி, குறைந்தது 85 பேரிடம் சோதித்து, பயிற்சி பெற்றவர்கள் கையால் எடுத்த அளவிலிருந்து சராசரி வேறுபாடு 5-க்கு மேற்படாமலும், அளவுகளின் சிதறலைச் சொல்லும் திட்ட விலகல் 8-க்கு மேற்படாமலும் இருந்தால் கருவி தேறிவிடும். என் கருவி அப்படித் தேறியவற்றின் பட்டியலில் இருந்தது. வாங்கும் முன், அந்தப் பட்டியலை வெளியிடும் 'ஸ்ட்ரைட் பிபி' இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஆனால் அந்த 85 பேரில் டயாலிசிஸ் நோயாளிகள் இருந்தாக வேண்டும் என்று தரநிலை கேட்பதில்லை. நீண்ட காலச் சிறுநீரக நோயில் இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணம் படிந்து குழாய்கள் விறைத்துப்போவதுண்டு. விறைத்த குழாயில் துடிப்பு அலையின் வடிவமே மாறும்போது, அலையிலிருந்து வருவிக்கும் கணக்கும் பிசகலாம். எனவே கருவியை மையத்துக்கே எடுத்துச் சென்று, ஒரே கையில் அங்குள்ள செவிலியர் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒருமுறை, கருவியால் ஒருமுறை என மாற்றி மாற்றி ஐந்து இணைகள் எடுத்தோம். மேல் எண்ணில் கருவி சராசரியாக 4 கூடுதலாகச் சொன்னது. கீழ் எண்ணில் வேறுபாடு இல்லை. ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தபோதும் அதே 4. எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு பிசகும் கருவி எனக்குப் பிரச்சினை இல்லை. ஒருநாள் மேலும் ஒருநாள் கீழும் பிசகுவதுதான் ஆபத்து.

இதயம் சீரற்றுத் துடிப்பதாகக் காட்டும் குறி 14 மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை ஈசிஜி எடுத்ததில் இடையிடையே கூடுதல் துடிப்புகள் என்று தெரிந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பு இருப்பவர்களுக்கு இந்த வகை அளவீடு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லக்கூடும். அவர்கள் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

இப்போது எனக்கு மிகவும் கோபமூட்டிய விஷயம்: திரையின் இடப்பக்கத்தில் உள்ள வண்ணப் பட்டை. எண் குறைவாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், அதற்கும் மேலே சிவப்பு. பார்க்க எளிமையாக இருக்கிறது, பரிசளிக்க வாங்குபவர்களுக்குப் பிடிக்கும். ஒரு டயாலிசிஸ் நாள் மாலை, மையத்திலிருந்து திரும்பி எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்து அளந்தேன்: 94/58. வண்ணப் பட்டை பளிச்சென்று பச்சையில் நின்றது. அன்று அளவுக்கு மீறித் தண்ணீர் எடுக்கப்பட்டிருந்தது என்பதை மையத்துக்குத் தொலைபேசியில் பேசிய பிறகே உறுதிப்படுத்திக்கொண்டேன். தாழ்வுக்கு ஒரு நிறம்கூட ஒதுக்காத பட்டை, தாழ்வினால் கீழே விழக்கூடிய ஒருவரின் கையில் இருக்கிறது.

மேல்பக்க எல்லையும் எங்களுக்காக வகுக்கப்பட்டதன்று. 120-க்குக் கீழே இறக்குவது நல்லது என்ற பேச்சு பரவலானதற்கு முக்கியக் காரணம் 2015-இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வு. 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மேல் எண்ணை 120-க்குக் கீழும் மற்றப் பிரிவினருக்கு 140-க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். 120 பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயநோய் இறப்பு ஆகியவை சேர்ந்து 25 சதவீதம் குறைந்ததால், சராசரியாக மூன்றேகால் ஆண்டிலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. சிறுநீரக வடிகட்டும் திறன் 20-க்குக் கீழே போனவர்களும் சேர்க்கப்படவில்லை. அதன் அடிப்படையில் சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டியான கெடிகோ 2021-இல் 120 என்ற இலக்கை முன்வைத்தபோதும், அது டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மட்டுமே என்று வரையறுத்திருக்கிறது. அதிலும், அந்த 120 என்பது அமைதியாக உட்காரவைத்து, இடைவெளி விட்டுப் பல முறை எடுத்த முறையான அளவு. மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தவுடன் எடுத்ததன்று. ஸ்பிரிண்ட் ஆய்வில் பயன்பட்டதும் ஏறத்தாழ என்னுடையது போன்ற தானியங்கிக் கருவிதான். ஓம்ரான் 907 என்ற மருத்துவமனை வகை. அளக்கும் முன் ஐந்து நிமிட ஓய்வை அந்தக் கருவியே கணக்கிட்டுக்கொள்ளும். என் வீட்டுக் கருவி அந்த ஐந்து நிமிடத்தை என் ஒழுக்கத்துக்கு விட்டுவிடுகிறது.

அப்படியானால் டயாலிசிஸ் செய்பவருக்கு எந்த எண் சரி? இங்கே ஆராய்ச்சி தடுமாறி நிற்கும் இடம் உண்டு. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஊசிக்கு முந்தைய அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். இதைப் படித்துவிட்டு 'எங்களுக்கு உயர் அழுத்தம்தான் பாதுகாப்பு' என்று சொல்பவர்களை நான் மையத்தில் சந்தித்திருக்கிறேன். ஆனால் இதயம் பலவீனமானவருக்கு அழுத்தம் தானாகவே இறங்கிவிடும்; அவரைக் கொல்வது அந்தப் பலவீனமே, தாழ்ந்த எண் அதன் நிழல். மருந்து கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த எட்டு ஆய்வுகளை, மொத்தம் 1,679 டயாலிசிஸ் நோயாளிகளை, 2009-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இதய நிகழ்வுகள் 29 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் இலக்கு எண் எது என்பதை நேரடியாகச் சோதிக்க முயன்ற ஓர் அமெரிக்க ஆய்வு 126 பேரோடு முன்னோட்டமாகவே 2017-இல் வெளிவந்தது. அதன் நோக்கமே இப்படி இரு பிரிவாக அழுத்தத்தைப் பிரித்து வைத்திருக்க இயலுமா என்று பார்ப்பதுதான். ஆகவே என் மருத்துவர் எனக்கென ஓர் எல்லையை, வீட்டுச் சராசரி 140-க்குக் கீழ், எழுந்தால் தலை சுற்றாத அளவுக்கு மேல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வண்ணப் பட்டையின்மேல் அந்தச் சீட்டை வெட்டி ஒட்டிவிட்டேன்.

கருவி தன் விலைக்கு ஈடுகட்டியது ஐந்தாவது மாதத்தில். இரண்டு வாரச் சராசரி 152/86 என்று வந்திருந்தது. நான் நான்காவது மாத்திரையை எதிர்பார்த்துப் போனேன். மருத்துவர் அளவுகளை நாள்வாரியாகப் பார்த்தார்: டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை 140-க்குப் பக்கம், அடுத்த அமர்வு நெருங்க நெருங்க 150, வாரத்தில் ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளியின் கடைசி மாலையில் 165. "இது மாத்திரைக்குக் கேக்கற பிபி இல்ல, தண்ணி பிபி" என்று சொல்லி, உலர் எடையை, அதாவது டயாலிசிஸ் முடியும்போது நான் இருக்க வேண்டிய எடையை, சிறிது சிறிதாக இறக்கச் சொன்னார். இந்த வழிக்கு அடித்தளமாக இருப்பது அகர்வால் குழுவினரின் 2009 ஆய்வு. டிரிப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதில் 150 பேர் கலந்துகொண்டனர்; மருந்தை மாற்றாமல், டயாலிசிஸ் நேரத்தையும் கூட்டாமல், ஒவ்வொரு அமர்விலும் 10 கிலோ உடல் எடைக்கு 100 கிராம் என்ற கணக்கில் கூடுதலாக நீரை எடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் எடை 0.9 கிலோ இறங்கியது. ஒப்பீட்டுப் பிரிவோடு பார்க்கையில் மேல் எண் சுமார் 7 குறைந்தது. 1960-இல் சியாட்டிலில் மருத்துவர் ஸ்க்ரிப்னர் முதன்முதலில் நீண்டகால டயாலிசிஸில் ஏற்றிய கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கட்டுக்கடங்காத அழுத்தம் அடங்கியதும் நீரையும் உப்பையும் குறைத்துத்தான். நமக்குப் புதிதாகத் தோன்றுவது இந்தச் சிகிச்சையின் வயதேயான பாடம்.

என் விஷயத்தில் ஆறு வாரம் பிடித்தது. இரண்டு முறை கெண்டைக்காலில் தசை பிடித்துக் கட்டிலில் துள்ளினேன். ஒருமுறை எடையிறக்கத்தை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். எடை 1.2 கிலோ குறைந்தபோது வீட்டுச் சராசரி 138/80. மாத்திரை கூடவில்லை; இருந்ததில் ஒன்று நின்றது. மையத்தின் இரு வரிசை எண்களை மட்டும் வைத்திருந்தால் அந்த ஏறுமுகத்தின் வடிவம் எவர் கண்ணுக்கும் பட்டிருக்காது. நீண்ட இடைவெளியின் கடைசி மாலைதான் என் அட்டவணையில் எப்போதும் உச்சம். அமெரிக்காவில் 32,065 டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த 2011 ஆய்வொன்றில், இறப்பும் இதயக் கோளாறுக்கான மருத்துவமனைச் சேர்க்கையும் அந்த நீண்ட இடைவெளியை ஒட்டிய நாளில்தான் கூடியிருந்தன. அதைப் படித்த பிறகு அந்த மாலை அளவை மட்டும் நான் தவறவிடுவதில்லை.

மருந்து பற்றிய ஆய்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் வீட்டுக் கருவிக்கே பங்கு உண்டு. 2014-இல் வெளியான அந்த ஆய்வில், இதயச் சுவர் தடித்த 200 டயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு அட்டெனலால் என்ற அழுத்த மாத்திரையும் மறுபாதியினருக்கு லிசினோபிரில் என்ற மற்றோர் அழுத்த மாத்திரையும் வாரத்தில் மூன்று முறை, டயாலிசிஸ் முடிந்தவுடன் கொடுக்கப்பட்டது. மாதந்தோறும் அவர்கள் வீட்டில் எடுத்த அளவை 140/90-க்குக் கீழ் வைப்பதே இரு பிரிவுக்கும் பொது இலக்கு. லிசினோபிரில் பிரிவில் கடுமையான இதய நிகழ்வுகள் கூடியதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. சிறுநீரகம் இயங்கும் காலத்தில் அதைக் காப்பதில் முன்னணியில் நிற்கும், லிசினோபிரில் அடங்கிய மருந்து வகை, சிறுநீரகம் நின்ற பிறகு அதே முதலிடத்தைப் பெற்றாக வேண்டும் என்பதில்லை. இதை வைத்து எவரும் தன் மாத்திரையைத் தானே மாற்றிக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

கைபேசிச் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. புளூடூத் இணைப்பு மூன்றில் ஒருமுறை பிடிபடுவதில்லை. பிடிபட்டாலும் செயலி, டயாலிசிஸ் நாளையும் மற்ற நாளையும் ஒரே சராசரியில் கலந்துவிடுகிறது. எங்களுக்கு அந்தச் சராசரி ஒன்றுக்கும் உதவாது. நாளுக்கு ஓர் அடையாளம் இடும் வசதி இருந்திருந்தால் போதும். அதைவிட மோசம், மின்கலத்தைக் கழற்றினால் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போய்விடுவது. ஒருமுறை அதைக் கவனிக்காமல் ஒன்பது நாள் அளந்தேன். அத்தனையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி மாதத்தில் போய் விழுந்தன. காலை எது, மாலை எது என்று பிரிக்க முடியாத 36 எண்களோடு மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தேன். இப்போது மின்கலத்தோடு அடாப்டரையும் செருகியே வைத்திருக்கிறேன். கலத்தை மாற்றும்போது அடாப்டர் இணைப்பில் இருந்தால் கடிகாரம் தப்பிவிடுகிறது. கையேட்டில் இது இல்லை.

இரு கைகளிலும் ஃபிஸ்டுலாவோ, அதே வேலைக்கான செயற்கைக் குழாயாகிய கிராஃப்டோ செய்யப்பட்டவர்களுக்கு மேற்கைக் கருவி பயன்படாது. அவர்கள் எங்கே, எந்தப் பட்டையால் அளப்பது என்பதைத் தங்கள் மையத்தில் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மணிக்கட்டுக் கருவி ஃபிஸ்டுலா கையில் கட்டினால் தவறில்லை என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் சொன்னார். அதே கையின் இரத்தக்குழாயை அமுக்குவது மேற்கையில் இருந்தாலும் மணிக்கட்டில் இருந்தாலும் அமுக்குவதுதான். அடிக்கடி பார்த்துப் பதறும் இயல்புள்ளவர்களுக்கும் ஒரு சொல்: தூக்கம் வராத ஓர் இரவில் நான் பதினொரு முறை அளந்தேன், பதினொன்றாவது முதலாவதைவிட 22 கூடுதல். அதன்பின் வேளைக்கு இரண்டு என்பதை மீறினால் கருவியை எடுத்து வைத்துவிடும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டார்.

அளவிடும் வேலைக்கு ஐந்தில் நான்கரை, பட்டைக்கு மூன்று, கையேட்டுக்கு இரண்டு, செயலிக்கு ஒன்று என்று மதிப்பெண் தருகிறேன். வண்ணப் பட்டைக்கு எதுவும் தருவதற்கில்லை. பட்டையின் ஒட்டுப் பகுதி பன்னிரண்டாம் மாதத்திலிருந்து தளர்ந்து, காற்று ஏறும்போது ஓரம் பிரியத் தொடங்கியிருக்கிறது. கருவியை மாற்றப்போவதில்லை, அதே 22–42 அளவில் புதிய பட்டை ஒன்றுக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மறுபடி செவிலியரோடு ஐந்து இணைகள் எடுத்துப் பார்க்க வேண்டும்.